காலி அறையின் சத்தம்

ஜூன் 10

பேரன்பும் பெருங்கோபமும் ஒருங்கே வாய்த்த அக்காவின் சமூகத்துக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுச் சமையலறைக் குழாய் நேற்று மாலை முதல் சொட்டுவதை நிறுத்திக்கொண்டது. குடும்ப வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய இந்தச் சாதனையைச் செய்தவர் யார் என்று கேட்காதே, தன்னடக்கம் தடுக்கிறது. சரி, கேட்டுவிட்டாய். நான்தான். ஒரு ஸ்பேனர், ஒரு வாஷர், ஒரு மேதை.

கூடவே ஒரு துக்கச் செய்தியும். நாம் எடுத்த அத்தனை பேய்ப் படங்களுக்கும் இசையமைத்தது அந்தக் குழாய்தான். சம்பளம் கேட்காமல் சொட்டுச் சொட்டாக உழைத்த கலைஞன் ஓய்வு பெற்றுவிட்டான்.

நலமா? அம்மா நலம், அப்பா நலம். என் போன் மட்டும் அப்பாவின் அலமாரிக்குள் சிறையில் இருக்கிறது. பள்ளியில் காலைக் கூட்டத்தின்போது, தலைமை ஆசிரியர் பேசிக்கொண்டிருக்கையில், ஒலிபெருக்கியில் ஒரு பெண் ‘ஹிஹிஹி’ என்று சிரித்தாளாம். யாரோ செய்த வேலை. அந்த யாரோவுக்கு ஆண்டுத் தேர்வு முடியும்வரை போன் கிடையாது. அதனால்தான் இந்தத் தபால் மரியாதை.

இனி, முக்கியமே இல்லாத செய்தி. சித்தி வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிப் போயாயிற்று. அவர் மகன் இந்த வருஷம் முழுக்க இங்கே இருந்து என் பள்ளியிலேயே படிக்கப் போகிறான். என்னைவிட மூன்று மாதம் சின்னவன். மிரட்டி ‘அண்ணா’ என்று கூப்பிட வைத்திருக்கிறேன். நடந்தால் சத்தமே வராது. திரும்பினால் பின்னால் நிற்கிறான். பூனை என்று பெயர் வைத்துவிட்டேன், வீடே அப்படித்தான் கூப்பிடுகிறது.

பூனைக்கு உன் அறையைக் கொடுத்துவிட்டார்கள். நான் கேட்டதற்கு அப்பா, “உன்ன அந்த ரூம்ல விட்டா அப்புறம் ரூம் இருக்காதுடா” என்றார். ஆகவே நான் வழக்கம்போலக் கூடத்து சோபாவில்.

நீ வேலைக்குச் சேர்ந்த அந்த சவுண்ட் ஸ்டுடியோவில் உன்னைப் பயமுறுத்த ஆள் இருக்கிறதா? இல்லையென்றால் ஒரு வார்த்தை சொல், பையோடு வந்து நிற்கிறேன்.

போன் இழந்தும் புகழ் இழக்காத,
உன் வால்


ஜூன் 26

அன்புள்ள வாலுக்கு,

நலம். உன் நலத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. உன் பக்கத்தில் இருப்பவர்களின் நலம்தான் கவலை.

இங்கே ஒரு பேய்ப் படத்தின் தொடக்கம் வந்திருக்கிறது. ஒரு பெண் வீட்டுக்கு வருகிறாள், சாவியை மேசையில் வைக்கிறாள், தண்ணீர் குடிக்கிறாள். அவ்வளவுதான். பேய் தலைகாட்டவே இல்லை. பார்க்கிறவன் அதற்குள் நடுங்க வேண்டுமாம். புதுசாகச் சேர்ந்த ஜோரில் நான் என்ன செய்தேன் தெரியுமா? கதவுக்கு ஒரு கிறீச், ஜன்னலுக்கு ஒரு ஊ, தூரத்தில் ஒரு நாய் என்று அள்ளிக் கொட்டினேன். எங்கள் சவுண்ட் இன்ஜினியரம்மா கேட்டுவிட்டு, “இது வீடாம்மா, சந்தையா?” என்றார். அத்தனை பேர் முன்னாலும். காது மடல் வரைக்கும் சூடாகிவிட்டது.

அப்புறம் என்னை உட்காரவைத்து ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார். முதலில் நாய். பிறகு தெரு. பிறகு ஃப்ரிட்ஜின் உறுமல். கடைசியாகக் கடிகாரம். எதுவும் சட்டென்று நிற்கக் கூடாது, படம் பார்க்கிறவனுக்கே தெரியாமல் நழுவ வேண்டும். அவள் தம்ளரைத் தூக்கும்போது உலகத்தில் மிச்சமிருப்பது அவள் விழுங்குகிற அந்த ஒரு ‘கடக்’ மட்டும். வெட்டி ஒட்டினவளே நான்தான். நானே நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன்.

பூனைக்கு என் அறை பிடித்திருக்கிறதா? அவன் அம்மாவைப் பிரிந்து இருப்பது இதுதான் முதல் தடவை. உன் வாலைக் கொஞ்சம் சுருட்டி வை. அவனுக்குச் சத்தங்களில் ஆர்வம் என்று அம்மா போனில் சொன்னாள். கீழ் இழுப்பறையில் என் ரெக்கார்டர் இருக்கிறது, அவனை எடுத்துக்கொள்ளச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


ஜூலை 3

அநியாயத்தின் மறு உருவான அக்காவுக்கு,

நான் நலமில்லை. வயிற்றெரிச்சல். என் வயிற்றில் எரிகிற தீயில் அம்மா மூன்று வேளைச் சமையலையும் முடித்துவிடலாம், சிலிண்டர் மிச்சம்.

ரெக்கார்டரா! ஒருநாள் அதைத் தொட்டதற்கு நீ திருகிய காது இன்னும் ஒரு பக்கமாகத்தான் கேட்கிறது. நேற்று வந்தவனுக்கு ‘எடுத்துக்கொள்ளச் சொல்’. அதையும் நானே போய்ச் சொல்ல வேண்டும்! சொன்னேன். “தேங்க்ஸ் அண்ணா” என்றான். அந்த ‘அண்ணா’வை அவன் வாயில் திணித்ததே நான்தான், இப்போது அதுவே முள்ளாகக் குத்துகிறது.

வீட்டில் காலை முதல் இரவு வரை பூனை புராணம். “பூனையப் பாரு, சாப்ட்ட தட்ட தானே கழுவி வைக்குது” என்கிறாள் அம்மா. பூனை தட்டை நக்கினால்கூடப் பாராட்டுவாள்.

பழிவாங்கும் படலம்: நேற்று மாலை விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு உன் அறைக் கதவில் சீப்பால் வறட் வறட் என்று கீறினேன். நம் பழைய வித்தை. நீயே இரண்டு முறை அலறியிருக்கிறாய். கதவு திறந்தது. பூனை கையில் உன் ரெக்கார்டர்.

“அண்ணா, சீப்ப இன்னும் மெதுவா இழு. வேகமா இழுத்தா சீப்புன்னு தெரிஞ்சிடுது. ஒரு பல்லு, அப்புறம் கொஞ்சம் நிறுத்து, அப்புறம் இன்னொரு பல்லு” என்றான்.

பேய்க்கே பாடம் எடுக்கிறான் அக்கா! அதைவிடக் கொடுமை, அவன் சொன்ன மாதிரி இழுத்தபோது எனக்கே முதுகில் சில்லென்றது.

போகட்டும். டிசம்பர் விடுமுறைக்கு நான் உன் ஸ்டுடியோவுக்கு வருகிறேன். கேபிள் சுற்றுவேன், டீ வாங்கி வருவேன், இன்ஜினியரம்மாவைச் சிரிக்க வைப்பேன். நம் பேய்க் கம்பெனியின் ஒரே பங்காளி நான்தான் என்பதை மறக்க வேண்டாம்.

காது கோணினாலும் கொள்கை கோணாத,
வால்


ஜூலை 31

அன்புள்ள வாலுக்கு,

பதில் தாமதம். ஸ்டுடியோவில் ஜன்னலே கிடையாது. உள்ளே போனால் பகலா இரவா, திங்களா வெள்ளியா என்று தெரியாது. நலமாக இருக்கிறேன்.

டிசம்பருக்கு இன்ஜினியரம்மாவிடம் கேட்டேன். முதலில் முடியாது என்றார். விடாமல் கேட்டதும், “சரி, ஒரே ஒரு ஆள். ரெண்டு வாரம். கை ரெண்டும் பாக்கெட்டுக்குள்ள இருக்கணும்” என்றார்.

ஒரே ஒரு ஆள். ஆனால் பூனையும் கேட்டு எழுதியிருக்கிறான். முகத்தைத் தூக்காதே. ஆளுக்கு ஒரு பேய்ப் படத்தின் தொடக்கம் எடுங்கள். மூன்று நிமிடம். பேய், ரத்தம், அலறல் மூன்றுக்கும் தடை. யாருடையது என்று சொல்லாமல் இன்ஜினியரம்மாவிடம் போட்டுக் காட்டுவேன். அவர் எதைச் சொல்கிறாரோ, அதை எடுத்தவர் வரலாம்.

ஒரு தொழில் ரகசியம், இருவருக்கும் பொது. காலி அறை என்று எதுவும் சும்மா இருப்பதில்லை, ஒவ்வொன்றுக்கும் தனி மௌனம் உண்டு. நாங்கள் ‘ரூம் டோன்’ என்போம். அதைப் பதிவு செய்து படத்துக்கு அடியில் விரித்தால்தான் மேலே வைக்கிற சத்தம் ஒட்டி நிற்கும். வித்தை ஒன்றுமில்லை. ரெக்கார்டரை உயரத்தில் வை, அதன் சிவப்பு விளக்கின் மேல் டேப் ஒட்டு, ஓட விடு, வெளியே போய்க் கதவைச் சாத்து. முக்கியம்: உள்ளே ஆள் இருக்கவே கூடாது. அசையாமல் நின்றாலும் மைக்குக்குத் தெரிந்துவிடும்.

ரெக்கார்டரை இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். அடித்துக்கொள்ளாமல்.

அக்கா


ஆகஸ்ட் 8

நடுநிலை தவறாத நீதிமானுக்கு (இது கிண்டல்),

நலம், நலமறிய ஆவலில்லை. நேற்றுத் தபாலில் உன் இரண்டு உறைகள் வந்தன. என் உறை, பட்டினி கிடந்தவன் மாதிரி ஒட்டிப்போய் இருந்தது. பூனையின் உறை விருந்து சாப்பிட்டு வந்திருந்தது. நான் பிரித்துப் பார்க்கவில்லை, எனக்கும் மானம் உண்டு. கையில் வைத்து எடை மட்டும் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன். உள்ளே நீ ஏதோ படம் வரைந்திருக்கிறாய். எனக்கு நீ கடைசியாக வரைந்தது கழுதை. அதற்குக் கீழே என் பெயர்.

“என்னடா எழுதியிருக்கா?” என்று பூனையிடம் கேட்டேன். “சும்மா அண்ணா, அம்மாவுக்கு எப்டி சத்தம் ரெக்கார்ட் பண்ணி அனுப்புறதுன்னு” என்றான். பொய்யாகத்தான் இருக்கும். உண்மையாக இருந்தால் நான் கோபப்பட முடியாது, அதனால் பொய்.

வரைதல் ஆசிரியரைத் தாஜா பண்ணிப் பள்ளிக் கேமராவை வாங்கிவிட்டேன். முன்னோட்டமாக ஒரு துண்டை மெமரி கார்டில் போட்டு அனுப்பியிருக்கிறேன். சிவப்பு பல்பு, முகமூடி, கேமரா சுழன்று சுழன்று வரும். ரத்தம் தடை என்றாய், அதனால் அது ரத்தம் அல்ல, ஜாம். சட்டத்தின் ஓட்டை வழியே வால் நுழையும். பார்த்துவிட்டு நடுங்கும் கையால் பதில் எழுது.

வெற்றி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும்,
வால்


ஆகஸ்ட் 22

வாலுக்கு,

கை நடுங்கியது, சிரித்ததால். ஜாமில் எறும்பு ஊர்வது தெளிவாகத் தெரிகிறது. பேயைவிட அதுதான் நன்றாக நடித்திருக்கிறது.

திட்டவில்லை, கேள். ஆரம்பத்திலேயே எல்லாம் சிவப்பாக இருந்தால் கண்ணுக்குச் சிவப்பு பழகிவிடும். எங்கள் படத்தில் அந்தப் பெண்ணின் வீடு முதலில் நல்ல மஞ்சளாக இருக்கும், பார்த்தாலே பசிக்கிற மஞ்சள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளை உறிஞ்சிவிடுவார்கள். எப்போது போனது என்றே சொல்ல முடியாது. சோறு ஆறிப்போன மாதிரி ஒரு சாம்பல் நிறம் மிஞ்சும்.

கேமரா ஏன் தலைசுற்றிப் போய்க் கிடக்கிறது? பயந்தவன் ஓடலாம், கேமரா ஓடக் கூடாது. ஒரு மூடிய கதவைக் காட்டு, மெதுவாக அதை நோக்கிப் போ. நகர்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற வேகத்தில். போதும் என்று தோன்றும்போது நிறுத்தாதே, இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இரு. கதவைத் திறக்கவும் திறக்காதே. பார்க்கிறவன் அவனவன் பேயை உள்ளே வைத்துக்கொள்வான்.

பூனைக்கு எழுதியதும் இதேதான். எடை போடாதே.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா


செப்டம்பர் 4

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெரியம்மாவும் பெரியப்பாவும் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அண்ணாவும்.

நீங்கள் வரைந்து காட்டியபடி அம்மாவுக்கு நம் தெருவின் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினேன். அம்மா அதை இரண்டு முறை கேட்டாராம். பிறகு நன்றாக இருக்கிறது என்று சொன்னார்.

என் படம் மாடிப்படியைப் பற்றியது. கைப்பிடியில் ஒரு மஞ்சள் சட்டை தொங்கும். ஒவ்வொரு முறை காட்டும்போதும் ஒரு படி கீழே வந்திருக்கும்.

முந்தாநாள் மாலை உங்கள் அறையின் மௌனத்தைப் பதிவு செய்ய முயன்றேன். ரெக்கார்டரை அலமாரியின் மேல் வைத்து, விளக்கின் மேல் டேப் ஒட்டி, கதவைச் சாத்திவிட்டு நூலகத்துக்குப் போனேன். ஆனால் அந்தப் பதிவை நான் பயன்படுத்தப் போவதில்லை. அறை காலியாக இல்லாமல் போய்விட்டது. வேறு நாளில் வேறு எடுத்துக்கொள்கிறேன்.

தங்கள் அன்புத் தம்பி,
(இங்கே பூனை)


செப்டம்பர் 12

அக்கா அவர்களுக்கு,

பராக், பராக்! இத்துடன் வரும் மெமரி கார்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொள். உள்ளே இருப்பது மூன்று நிமிடம். அதைப் பார்த்த பிறகு நீங்கள் எல்லாரும் தொழிலை விட்டுவிட்டு வேறு வேலை தேடலாம்.

உன் அலமாரியின் கதவுதான் கதாநாயகன். அறைவாசியிடம் முறைப்படி அனுமதி பெற்றேன். கேமராவைத் தரையில் ஒரு துண்டின் மேல் வைத்து, துண்டின் நுனியைப் பிடித்து, நத்தை பார்த்தால் கேலி செய்கிற வேகத்தில் இழுத்தேன். கொஞ்சம் பகலில், கொஞ்சம் பொழுது சாயும்போது, கொஞ்சம் விளக்கு வைப்பதற்கு முன்னால் என்று எடுத்து ஒட்டினேன். சுவரின் மஞ்சள் தானாகவே செத்துப்போகிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. (நீ சொன்னாய். சரி.)

சத்தத்தைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல மாட்டேன். ஹெட்போனில் கேள். பக்கத்தில் யாரையாவது உட்காரவைத்துக்கொண்டு கேள்.

பூனையின் படத்தையும் பார்த்தேன். அந்தச் சட்டை. நன்றாகத்தான் இருக்கிறது. இதை எழுதும்போது பேனா இரண்டு தடவை மக்கர் பண்ணியது.

எல்லாரும் நலம்.
வால்


அக்டோபர் 5

அன்புள்ள வாலுக்கு,

நலம்தானே?

இன்ஜினியரம்மா இரண்டையும் பார்த்தார். மாடிப்படிப் படத்தைப் பார்த்து, “கண்ணு இருக்கு இந்தப் பிள்ளைக்கு” என்றார். பிறகு அலமாரிப் படத்தைப் போட்டேன்.

முதலில் ஒன்றுமில்லை, அறையின் மௌனம் மட்டும். கதவு கொஞ்சம் நெருங்குகிறது. யாரோ மூச்சை இழுக்கிறார்கள். மறுபடி ஒன்றுமில்லை. மஞ்சள் போய்விட்டது. அப்புறம் அடக்கி அடக்கி வைத்த ஏதோ ஒன்று தொண்டையில் உடைகிறது. உடைந்த உடனே யாரோ அதைக் கையால் பொத்துகிறார்கள். இன்ஜினியரம்மா ஹெட்போனைக் கழற்றிவிட்டு அறையைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷமாக இந்த வேலையில் இருப்பவர். “அலமாரிக்குள்ள இருக்கிறது பேய் இல்லம்மா, பாவம் யாரோ. அதான் இவ்வளவு பயமா இருக்கு. இத எப்படி எடுத்தான்னு கேட்டு எழுது” என்றார். மூன்று தடவை போட்டுக் கேட்டார். முதல் தடவைக்குப் பிறகு நான் தண்ணீர் குடிக்க வெளியே போய்விட்டேன்.

ஆகவே, நீதான். ஜெயித்துவிட்டாய்.

அந்தச் சத்தத்தை எப்படிச் செய்தாய்? விவரமாக எழுது.

அக்கா


அக்டோபர் 10

உலகப் புகழின் முதல் படியில் நின்றபடி எழுதுவது,

நலம், நலம், பரம நலம்! கடிதத்தை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். போனைத் திருப்பித் தரவில்லை, ஆனால் பார்த்தார்.

செய்முறை விளக்கம், இன்ஜினியரம்மாவின் கவனத்துக்கு: ஒரு பலூனைப் பாதி ஊத வேண்டும். காலி பக்கெட்டுக்குள் தலையை விட்டு, பலூனின் வாயை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மேலே ஒரு ஈரத்துண்டு. துண்டு நனைந்திருக்கும் அளவில்தான் என் மேதைமை இருக்கிறது. இதற்கு ‘வால் முறை’ என்று பெயர் சூட்டியிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பூனைக்கு இரண்டாம் இடம். இரண்டே பேர் ஓடிய பந்தயத்தில் இரண்டாவதாக வருவதும் ஒரு திறமைதான். கை கொடுத்தான். “சூப்பர் அண்ணா” என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதாவது பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சண்டை போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

டிசம்பரில் சந்திப்போம். வரவேற்பு எளிமையாக இருந்தால் போதும்.

வெற்றி வீரன்,
வால்


அக்டோபர் 30

அன்புள்ள வாலுக்கு,

பலூனா. சரி.

நீ எழுதியதை அப்படியே சொன்னேன். இன்ஜினியரம்மா உடனே பலூனும் பக்கெட்டும் வாங்கி வரச் சொன்னார். அரை நாள் மாற்றி மாற்றி ஊதினோம். கப்பல் கிளம்புகிற சத்தம் வந்தது. ஆட்டுக்குட்டி ஒன்று வந்தது. கடிதத்தில் எழுத முடியாத சத்தம் ஒன்றும் வந்து எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நீ அனுப்பிய சத்தம் மட்டும் வரவில்லை. துண்டு போதுமான அளவு நனையவில்லை போலிருக்கிறது.

டிசம்பரில் எனக்கு லீவு கிடையாது. வீட்டுக்கு வர முடியாது என்பதால்தான் ஒரு ஆளையாவது இங்கே வரவழைக்கச் சண்டை போட்டேன். என் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி. இதற்கும் ஒரு மௌனம் இருக்கிறது, நான் இன்னும் பதிவு செய்யவில்லை.

ரயில் டிக்கெட் போட வேண்டும். யார் பெயரில் என்று உறுதி செய்து எழுது.

இன்னொன்று. செப்டம்பர் தொடக்கத்தில் உனக்குச் சளி பிடித்திருந்ததா? சும்மாதான் கேட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


நவம்பர் 4

அக்கா,

இந்தத் தடவை அறிவிப்பு எதுவும் இல்லை.

சளி பிடிக்கவில்லை. உனக்குத் தெரியும். முதல் தடவை கேட்டபோதே தெரிந்திருக்கும், அதனால்தான் தண்ணீர் குடிக்கப் போனாய்.

அன்றைக்கு மாலை பூனை வெளியே போவதைப் பார்த்துவிட்டு உன் அறைக்குள் நுழைந்தேன். ரெக்கார்டரைத் தூக்கி எங்கேயாவது ஒளித்துவைக்கத்தான். அது இருந்தால்தானே அவன் ஜெயிப்பான். இழுப்பறையில் இல்லை, மேசையில் இல்லை, கட்டிலுக்கு அடியில் இல்லை. அலமாரியைத் திறந்தேன். கதவின் உள்பக்கம் நாம் சாக்பீஸில் வரைந்த பேய்ப் பட்டியல் அப்படியே இருந்தது, மூக்குப் பேயும் மூணு கால் பேயும். பூனை அதை அழித்திருப்பான், அதைச் சாக்கு வைத்துச் சண்டை போடலாம் என்று எத்தனை நாள் காத்திருந்தேன் தெரியுமா? அழிக்கவில்லை. சாக்பீஸ் உரசக் கூடாது என்று சட்டைகளை எல்லாம் மறு ஓரத்துக்குத் தள்ளி நெருக்கி மாட்டியிருந்தான். அறையில் உன் வாசனை இல்லை, அவன் சோப்பு வாசனைதான். கோபப்பட ஒன்றுமே இல்லாமல் போனதும் என்ன செய்வது என்று தெரியவில்லை. உன் கட்டிலில் உட்கார்ந்தேன். அப்புறம் நடந்ததுதான் நீங்கள் மூன்று தடவை போட்டுக் கேட்டது.

ரெக்கார்டர் அலமாரிக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. விளக்கின் மேல் டேப். திருட வந்தவனை அது பிடித்துவைத்துக்கொண்டது.

மறுநாள் நான் படியில் உட்கார்ந்திருந்தபோது பூனை வந்து ஹெட்போனைக் கொடுத்தான். கேட்டதும் காது சுட்டது. அறைந்துவிடலாமா என்று பார்த்தேன்.

“இது உன்னோடது அண்ணா. வேணும்னா அழிச்சிடு. நான் யார்கிட்டயும் சொல்லல” என்றான்.

“முழுசாக் கேட்டியாடா?”

“கேட்டேன். முதல்ல அது நான்தான்னு நெனச்சேன்.”

“நீ எதுக்குடா?”

“நானும் அங்கதான். சாயங்காலம். நீங்க எல்லாம் டிவி பாக்கும்போது.”

ஐந்து மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறான். அவன் நடக்கிற சத்தம் கேட்கவில்லை என்று கிண்டல் பண்ணினேன், இதுவும் கேட்கவில்லை. டிவியை அவ்வளவு சத்தமாக வைத்ததே நான்தான்.

அழித்திருக்கலாம். ஆனால் நல்ல சத்தமாக இருந்ததே அக்கா! அலமாரிக் கதவுக் காட்சிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன், மயிர்க்கூச்செறிந்தது. அப்புறம் விட மனசு வரவில்லை. கேமராவை இழுத்தது நான், அழுதது நான், ஆனால் பதிவு செய்தது அவன். விதிப்படி கதவைச் சாத்திவிட்டுப் போனவன் அவன். பலூன் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. பேனா எடுத்தவுடன் ஊதிக்கொண்டது. நான் அப்பாவிடம் பலூனை விளக்கிக்கொண்டிருந்தபோது பூனை பக்கத்தில் நின்று தலையை வேறு ஆட்டினான்.

டிக்கெட்டை அவன் பெயரில் போடு. வயிறு எரிகிறதா என்று கேட்டால், ஆமாம், எரிகிறது. இதை எழுதும்போதும் எரிகிறது. ஆனாலும் போடு. ரயிலில் அவனுக்கு ஜன்னல் பக்கத்துப் படுக்கையாகக் கிடைக்குமா என்று பார். சாயங்காலத்தில் அவனைத் தனியாக விடாதே. எனக்கு எழுதுகிற கடிதத்தில் மட்டும் இனிமேல் ஏதாவது வரைந்து அனுப்பு, கழுதையாக இருந்தாலும் பரவாயில்லை.

ரயிலடி வரைக்கும் அவன் பையை நான் தூக்கிக்கொண்டு போகிறேன். அது என் வேலை, அண்ணா என்று கூப்பிட வைத்தாயிற்றே.

சொல்ல ஆரம்பித்ததோடு இதையும் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். ஜூன் மாதம், அந்தச் சமையலறைக் குழாய். வாஷர் மாற்றியது பூனைதான், வந்த இரண்டாம் நாள். நான் டார்ச் பிடித்தேன். அதுவும் கொஞ்ச நேரம் வேறு குழாய்க்கு.

வால்